விக்ஸ்பர்க் போர்க்களப் பூங்கா: கைடு வைத்துப் பாருங்கள், கேரோ படகில் இருந்து ஆரம்பியுங்கள்

டல்லாஸிலிருந்து ஐ-20 பிடித்து நேராகக் கிழக்கே ஓட்டினால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் வரும், பாலம் இறங்கினால் விக்ஸ்பர்க். நம் ஆட்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை, அட்லாண்டா பக்கம் போகிற அவசரத்தில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நானும் நாலைந்து தடவை அப்படித்தான் போயிருக்கிறேன். இந்தத் தடவை ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். கோவில்பட்டியில் நாற்பது வருஷம் பருத்தி கமிஷன் கடை வைத்திருந்த மனுஷர், மால் மாலாகச் சுற்றி அலுத்துப்போய், "எய்யா, இந்த ஊர்ல பருத்தி விளையுற எடம் எங்க இருக்கு, அதக் காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்காகப் போனதுதான். போன இடத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டோம். பூங்கா, கேரோ மியூசியம், கைடு, ஆடியோ ஆப், சாப்பாடு எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறேன், போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் சுருக்கமாக. அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் வடக்கோடு மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) சண்டை நடந்த இடம்தான் இந்தப் பூங்கா. பூங்காவுக்கு நாங்கள் போனபோது ஒரு காருக்கு 20 டாலர், அந்த டிக்கெட் 7 நாள் செல்லும். உள்ளே 16 மைல் ரோடு, இரு பக்கமும் 1,300-க்கு மேல் நினைவுச் சின்னங்கள், பீரங்கிகள், புல் மேடுகள். அந்தப் போரில் மூழ்கிய கேரோ என்ற பீரங்கிப் படகை வைத்திருக்கும் மியூசியமும் அதற்குள்ளேயே இருக்கிறது. கைடுக்குத் தனிக் கட்டணம், இரண்டு மணி நேரம், நம் காரிலேயே ஏறிக்கொண்டு வருவார். கைடு இல்லாமல் போகாதீர்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை, முதல் நாள் கைடு இல்லாமல் போய்விட்டு மறுநாள் கைடோடு திரும்பவும் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் நாள் என்ன நடந்தது என்றால், ஃபோனில் ஒரு ஆடியோ ஆப் வாங்கினேன். பெயர் வேண்டாம். கார் ஓர் இடத்துக்கு வந்ததும் தானாகப் பேச ஆரம்பிக்கும். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேசியதெல்லாம் எந்த ரெஜிமென்ட் எந்தப் பக்கம் நின்றது, எந்த ஜெனரல் எத்தனை மணிக்கு எந்தப் பள்ளத்தில் இறங்கினார் என்பதுதான். அந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது போதுமாக இருக்கலாம். எங்களுக்கு மூன்றாவது இடத்திலேயே தலை சுற்றியது. பின் சீட்டில் அப்பா தூங்கிவிட்டார். என் மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "இந்தச் சின்ன ஊருக்காக எதுக்குப்பா இத்தனை பேர் செத்தாங்க?" அந்த ஒரு கேள்விக்கு ஆப்பில் அரை நிமிஷப் பதில்கூட இல்லை. நாலாவது இடத்தில் அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை வந்த கைடு, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற பெரியவர். வரவேற்பு மையத்தில் கைகுலுக்கி, எங்கிருந்து வருகிறீர்கள், என்ன தொழில் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பருத்தி வியாபாரி என்றதும் அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! "அப்படியானால் வழக்கமான சுற்று வேண்டாம், கேரோவுக்கு முதலில் போவோம், அப்புறம் ஆற்றங்கரை, கடைசியில்தான் போர்க்களம்" என்று வரிசையையே மாற்றிவிட்டார். அந்த ஒரு முடிவால்தான் எங்களுக்கு இந்த ஊர் புரிந்தது. நீங்கள் போனாலும் இந்த வரிசையையே கேளுங்கள்.

கேரோ என்பது ஒரு பீரங்கிப் படகு. எகிப்து கெய்ரோவின் எழுத்துதான், ஆனால் இல்லினாய் மாநிலத்தில் அதே பெயரில் இருக்கும் ஊரை வைத்து வைத்த பெயர், அந்த ஊர்க்காரர்கள் உச்சரிப்பது கேரோ. ஒஹையோ ஆறும் மிசிசிப்பியும் கலக்கும் மூக்கில் இருக்கிறது அந்த ஊர். உள்நாட்டுப் போர் ஆரம்பித்த 1861-லேயே வடக்குப் படை அங்கே உட்கார்ந்துகொண்டு, தெற்கே போகிற படகுகளை நிறுத்திச் சோதனை போட ஆரம்பித்தது. நம்மூர் செக்போஸ்ட் மாதிரிதான். இரண்டு பெரிய ஆறுகளின் சரக்கும் அந்த ஒரு முனையைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

ஆனால் முதலில் ஆற்றை மறித்தது வடக்கு இல்லை என்றார் கைடு. 1861 ஜனவரியில், பெரிய சண்டை எதுவும் தொடங்குவதற்கு முன்னாலேயே, மிசிசிப்பி மாநில ஆளுநர் விக்ஸ்பர்க் கரையில் பீரங்கிகளைக் கொண்டுவந்து வைத்தார். மேலே இருந்து வந்த ஏ.ஓ. டைலர் என்ற ஸ்டீமர் மீது அங்கிருந்து சுட்டார்கள். செய்தி வடக்கே பரவியதும் விவசாயிகளும் வியாபாரிகளும் கொதித்துப்போனார்கள். இல்லினாய், இந்தியானா, ஒஹையோ பக்கத்துக் கோதுமை, சோளம், பன்றி இறைச்சி எல்லாம் அந்த ஆறு வழியாக நியூ ஆர்லியன்ஸ் போய்க் கப்பலேறுவதுதான் தலைமுறை தலைமுறையாக வந்த வழி. ரயில் வந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தது என்றாலும், ஆறு அவர்களுக்கு வீட்டு வாசல். அந்தக் கோபத்தைப் பார்த்துப் பயந்துதான் தெற்குக் கூட்டமைப்பு 1861 பிப்ரவரி 25-ல் மிசிசிப்பியில் எல்லோரும் தடையில்லாமல் போகலாம் என்று சட்டமே போட்டது. சண்டை வந்ததும் அந்தச் சட்டம் காகிதத்தோடு போயிற்று. அதே டைலர் படகை வடக்குப் படை விலைக்கு வாங்கிப் பீரங்கி ஏற்றி, அதே ஆற்றில் இறக்கியது.

இதைக் கேட்டதும் அப்பா சொன்னது: "ரோடு மூடுனா சரக்கு நிக்கும், சரக்கு நின்னா வட்டி ஓடும். வியாபாரி எந்தக் கட்சியா இருந்தா என்ன." நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கைடு காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி ஒரு சின்ன நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.

இப்போது கேரோவைப் பற்றி. திறந்தவெளியில் ஒரு பெரிய வெள்ளைக் கூடாரம், அதன் அடியில் 175 அடி நீளப் படகு. பெரிய யானை மண்டியிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பக்கச் சுவர்கள் சரிவாக இருக்கும், குண்டு பட்டால் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. இரண்டரை அங்குல இரும்புத் தகடு, 13 பீரங்கிகள், நடுவில் மறைவாக ஒரு துடுப்புச் சக்கரம், ஐந்து பாய்லர்கள். இவ்வளவு கனத்தை ஏற்றியும் ஆறடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும். ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற ஆற்று மனிதர் இப்படி ஏழு படகுகளை 1861 கடைசி வாக்கில் சில மாதங்களிலேயே கட்டிக் கொடுத்தார். அவர் அதற்கு முன்னால் செய்த தொழில், ஆற்றில் மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை மீட்பது. ஆற்றின் அடியில் நடந்து பழகிய ஆளிடம் படகு கட்டச் சொன்னது எவ்வளவு சரியான முடிவு என்று கைடு சொல்லிக்கொண்டே வந்தார். இந்தப் படகுகள் முதலில் கடற்படைக்குச் சொந்தமில்லை, தரைப்படையின் பொறுப்பில் இருந்தன, 1862 அக்டோபரில்தான் கடற்படைக்கு மாறின. ஆறு யாருடைய எல்லை என்று அவர்களுக்கே தெளிவில்லாத காலம் அது.

1862 டிசம்பர் 12-ல் விக்ஸ்பர்க்குக்கு வடக்கே யாசூ ஆற்றில் கண்ணிவெடி வெடித்து, 12 நிமிஷத்தில் கேரோ மூழ்கியது. கண்ணிவெடி என்றால் பெரிய இரும்புச் சாமான் எதுவும் இல்லை, ஐந்து கேலன் கொள்ளும் கண்ணாடிக் குடுவையில் வெடிமருந்தை அடைத்துத் தண்ணீருக்குள் மிதக்கவிட்டு, கரையில் மறைந்திருந்தவர்கள் வெடிக்கவைத்தது. ஒருவரும் சாகவில்லை. சாப்பிட்ட தட்டு, சோப்பு, பாட்டில், மருந்து, ஷூ எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். சேறு மூடிக்கொண்டது. 1956-ல் எட்வின் பேர்ஸ் என்ற வரலாற்றாளரும் இரண்டு நண்பர்களும் தேடிக் கண்டுபிடித்தார்கள், 1964-ல் தூக்கியபோது கம்பி இறுகிப் படகின் உடல் அறுபட்டு, கடைசியில் மூன்று துண்டாக எடுக்க வேண்டியதாயிற்று. அழுகிப் போன இடங்களில் புது மரச் சட்டம் கொடுத்து, பழைய இரும்பையும் பழைய மரத்தையும் அதன் அதன் இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். எது பழசு, எது புதுசு என்று ஒளிக்காமல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

படகுக்குள்ளே நடைபாதை இருக்கிறது, ஏறி நடக்கலாம். பீரங்கி வாய்க்குப் பக்கத்தில் நின்று வெளியே பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மாதிரி ஒரு படகு ஒரு வளைவில் நின்றால் போதும், மேலேயும் கீழேயும் ஒரு மூட்டை நகராது. பக்கத்துக் கட்டடத்தில் அந்தத் தட்டு, சீப்பு, மருந்துப் புட்டி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. மகள் அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றாள். நூறு வருஷம் சேற்றில் கிடந்த பாட்டில்கள் அப்படியே இருக்கின்றன. இந்த மியூசியத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்துக்கு ஐந்து, யோசிக்கவே வேண்டாம்.

அங்கிருந்து கீழே ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே போனால் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. ஊருக்கு முன்னால் ஓடுவது மிசிசிப்பி இல்லை! போர் நடந்தபோது ஆறு ஊருக்கு எதிரே கொண்டை ஊசி மாதிரி வளைந்து திரும்பியது. படகுகள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், மேலே 200 அடி உயர மேட்டில் பீரங்கி. அதனால்தான் விக்ஸ்பர்க் அவ்வளவு முக்கியம். அந்த வளைவைத் தவிர்க்கக் குறுக்கே கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிடலாம் என்று வடக்குப் படை 1862-லும் 1863-லும் முயன்றது. முதல் தடவை சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த அடிமை மக்களை வைத்துத் தோண்டினார்கள், காய்ச்சலிலும் வெயிலிலும் வேலை செய்யவைத்தார்கள். ஆறு வரவில்லை. போர் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, 1876-ல், ஆறு தானாகவே அந்தக் கழுத்தை அறுத்துக்கொண்டு ஊரைவிட்டு விலகிப் போய்விட்டது. துறைமுகம் காய்ந்துபோய், அப்புறம் 1903-ல் யாசூ ஆற்றைக் கால்வாய் வழியாகத் திருப்பி ஊருக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நாம் பார்ப்பது அந்தத் தண்ணீர்.

கரையில் உட்கார்ந்துதான் கைடு பெர்மிட் கதையைச் சொன்னார். எங்களுக்கு அன்றைய நாளின் உயிரே அதுதான். 1861 ஆகஸ்டில் லிங்கன் தெற்கோடு வியாபாரம் கூடாது என்று அறிவித்தார், ஆனால் அனுமதிச் சீட்டு இருந்தால் நடத்தலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார். சீட்டு கொடுப்பது கருவூலத் துறை, ஆற்றைக் காப்பது ராணுவம். 1862 ஜூன் 6-ல் மெம்ஃபிஸ் வடக்கின் கைக்கு வந்ததும் வியாபாரிகள் கூட்டம் அந்த ஊருக்குப் பாய்ந்தது. போருக்கு முன்னால் பவுண்டு 10 சென்ட் அளவில் இருந்த பருத்தி, போர்க் காலத்தில் நியூயார்க்கில் ஒரு டாலரைத் தாண்டியது. தெற்கே தோட்டக்காரனிடம் சல்லிசாக வாங்கி, ஒரு சீட்டைக் காட்டிப் படகேற்றினால் போதும். பதிலுக்குத் தெற்கே போனது தங்கம், உப்பு, மருந்து, துணி. அந்தத் தங்கம் துப்பாக்கியாகத் திரும்பி வந்து நம் பையன்களைச் சுடும் என்று வடக்கின் ஜெனரல் ஷெர்மன் கத்தினார், மெம்ஃபிஸில் பருத்திக்குத் தங்கம் கொடுக்கக் கூடாது என்று தடையும் போட்டார். வாஷிங்டன் அந்தத் தடையை நீக்கிவிட்டது. வடக்கின் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும், இங்கிலாந்து தெற்கின் பக்கம் சாயாமல் இருக்கவும் பருத்தி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதே ஷெர்மன், 1862 செப்டம்பரில் ராண்டால்ஃப் என்ற ஊரிலிருந்து ஒரு ஸ்டீமரைச் சுட்டார்கள் என்பதற்காக அந்த ஊரையே கொளுத்தச் சொன்னார். படகைச் சுட்டால் ஊர் எரியும், சீட்டு இருந்தால் எதிரியிடமே சரக்கு வாங்கலாம்.

இதில் மிக அசிங்கமான பக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. கள்ள வியாபாரத்தை நிறுத்துகிறேன் என்று வடக்கின் தளபதி கிராண்ட் 1862 டிசம்பர் 17-ல் 11-ஆம் எண் உத்தரவு போட்டு, தன் படைப் பகுதியிலிருந்து யூதர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார். வியாபாரி, வியாபாரி இல்லாதவர் என்று பார்க்காமல் ஒரு இனத்தையே! கென்டக்கியின் படுகாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். விரட்டப்பட்டவர்களில் ஒருவர் வாஷிங்டன் போய் லிங்கனைப் பார்த்தார், 1863 ஜனவரி தொடக்கத்தில் உத்தரவு ரத்தானது. அந்த உத்தரவு வந்த அதே மாதத்தில்தான் கிராண்டின் சொந்த அப்பாவே சின்சினாட்டியைச் சேர்ந்த யூத வியாபாரிகளோடு கூட்டுச் சேர்ந்து, மகனிடம் பருத்திப் பெர்மிட் வாங்கித் தருகிறேன் என்று வந்து நின்றார். இதைக் கேட்டு அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என்னிடம் மட்டும், "சீட்டு குடுக்குற எடத்துல ஒருத்தன் உக்காந்துட்டான்னா, சொந்தக்காரன்தான் மொதல்ல வருவான்" என்றார்.

அப்பாவுக்கு அன்றைக்குக் கண் கலங்கியது இன்னோர் இடத்தில். நியூ ஆர்லியன்ஸ் 1862 ஏப்ரலில் விழப்போகிறது என்று தெரிந்ததும், எதிரி கையில் கிடைக்கக் கூடாதென்று கரையில் அடுக்கியிருந்த பருத்திப் பொதிகளைத் தெற்குக்காரர்களே கொளுத்தினார்கள். ஆறு நெடுகிலும் இப்படி எரித்தார்கள். பருத்தியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அப்பா கைடுக்கே பாடம் எடுத்தார்: மேலே தண்ணீர் ஊற்றினால் அணைந்த மாதிரி இருக்குமாம், அமுக்கின பேலுக்கு உள்ளே கங்கு நாள்கணக்கில் கிடக்குமாம், பிரித்துப் பார்த்தால் குப்பென்று பிடிக்குமாம். கைடு உடனே ஹென்றி கிளே படகைப் பற்றிச் சொன்னார். 1863 ஏப்ரல் 16 இரவு, வடக்குக் கடற்படையின் அட்மிரல் போர்ட்டரின் படகுகள் விக்ஸ்பர்க் பீரங்கிகளுக்குக் கீழே ஓசையில்லாமல் நழுவிப் போகப் பார்த்தன. குண்டைத் தடுக்கப் பக்கவாட்டில் பருத்தி பேல்களையும் வைக்கோல் கட்டுகளையும் அடுக்கியிருந்தார்கள். கரையில் இருந்த தெற்குக்காரர்கள் வீடுகளைக் கொளுத்தி வெளிச்சம் போட்டுச் சுட்டார்கள். மற்றவை தப்பின, ஹென்றி கிளே மட்டும் பருத்தியில் தீப்பிடித்து எரிந்தது. "அப்பவே சொல்லியிருப்பேன்" என்கிற மாதிரி அப்பா தலையை ஆட்டினார்.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்டால், நேரடியான உறவே இருக்கிறது. அமெரிக்கப் பருத்தி நின்றுபோனதும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பட்டினி கிடந்தன, இந்தியப் பருத்தியைத் தேடி வந்தார்கள். 1861 முதல் 1865 வரை பருத்தி விலை ஏறிய ஏற்றம் திருநெல்வேலிக் கரிசல் காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் வந்து சேர்ந்தது, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் பொதி பொதியாகக் கப்பலேறியது. அங்கே சண்டை முடிந்ததும் இங்கே விலை சரிந்தது. ஒரு விக்ஸ்பர்க் வளைவில் நின்ற பீரங்கிக்கும் ஒட்டப்பிடாரம் பக்கத்துச் சம்சாரியின் கடனுக்கும் நடுவே இவ்வளவு கிட்டத்தில் கயிறு கட்டியிருக்கிறது என்பதை நான் பள்ளியில் படிக்கவில்லை. அந்தக் கரையில் உட்கார்ந்துதான் யோசித்தேன். அங்கே அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் கூலி இல்லாமல், சாட்டைக்கு அடியில் பறித்தார்கள் என்பதையும் சேர்த்து.

போர்க்களத்தைக் கடைசியில் பார்த்தோம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1863 மே 18 முதல் ஜூலை 4 வரை வடக்குப் படை நடத்திய 47 நாள் முற்றுகை. மே 19, 22 இரண்டு நாளும் நேராக மோதிப் பார்த்து முடியாமல், வழியை எல்லாம் அடைத்துப் பட்டினி போட்டார்கள். காற்று கொண்டுவந்து குவித்த மண் என்பதால் நெட்டுக்குத்தாக வெட்டினாலும் சரியாமல் நிற்கும், ஊர் மக்கள் அதில் குகை தோண்டிக் குடியிருந்தார்கள். கடைசியில் கோவேறு கழுதைக் கறி. காகிதம் தீர்ந்துபோய்ச் சுவர் ஒட்டும் தாளின் பின்பக்கத்தில் பத்திரிகை அச்சடித்தார்கள். தெற்குப் படையினர் ஏறக்குறைய 29,500 பேர் சரணடைந்தார்கள். இல்லினாய் நினைவகத்தைத் தவறவிடாதீர்கள், முற்றுகையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று 47 படிகள், உள்ளே வெண்கலத் தகடுகளில் 36,325 பெயர்கள், கூரையின் நடுவில் வட்டமாக வானம் தெரியும் திறப்பு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மெதுவாக ஏறட்டும். கேரோவுக்குப் பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். அங்கே உள்நாட்டுப் போர் வீரர்கள் மட்டும் 17,000 பேர், அதில் 13,000 பேருக்குப் பெயர் தெரியாது. சின்னச் சதுரக் கல்லில் வெறும் எண். கறுப்பினப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே படுத்திருக்கிறார்கள்.

ஜூலை 9-ல், ஆற்றில் தெற்கின் கையில் மிஞ்சியிருந்த கடைசிக் கோட்டையான போர்ட் ஹட்சனும் விழுந்தது. செயின்ட் லூயிஸிலிருந்து புறப்பட்ட இம்பீரியல் என்ற ஸ்டீமர் ஜூலை 16-ல் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தது. ஆறுகளின் தந்தை, அதாவது மிசிசிப்பி, மறுபடியும் தொல்லையின்றிக் கடலுக்குப் போகிறது என்று லிங்கன் எழுதினார். ராணுவத்துக்கு அது உண்மை. வியாபாரிக்கு அப்புறமும் சீட்டு, சோதனை, விசுவாசப் பிரமாணம், கரையிலிருந்து சுடும் கொரில்லாக்கள், எல்லாம் இருந்தன. தெற்கின் பக்கம் இழப்பு இன்னும் கடுமை. ரெட் ஆறு வழியாக டெக்ஸஸ் மாடும் லூசியானா சர்க்கரையும் உப்பும் கிழக்கே வந்த வழி அறுந்துபோனது.

சுல்தானா என்ற படகின் கதையைக் கேட்காமல் ஆற்றங்கரையை விட்டு வராதீர்கள். 1865 ஏப்ரலில், போர் முடிந்த கையோடு, சிறையிலிருந்து விடுதலையான வடக்கு வீரர்களை ஊருக்கு அனுப்ப விக்ஸ்பர்க்கில் படகேற்றினார்கள். ஒரு வீரனுக்கு 5 டாலர், அதிகாரிக்கு 10 டாலர் என்று அரசாங்கம் படகுக்காரருக்குக் கொடுத்தது. 376 பேர் ஏறலாம் என்று அனுமதி பெற்ற படகில் 2,000-க்கும் மேல் திணித்தார்கள், வேறு படகுகள் இடத்தோடு நிற்கும்போதே. பாய்லரில் அவசர ஒட்டுப் போட்டிருந்தது. ஏப்ரல் 27 அதிகாலை மெம்ஃபிஸ் தாண்டி வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சிறையில் எலும்பும் தோலுமாகிப் பிழைத்து வந்த பையன்கள், வீட்டுக்குப் போகிற வழியில். தலைக்கு இத்தனை டாலர் என்று மனுஷரைச் சரக்காகக் கணக்குப் போட்டதால் வந்தது, லஞ்சம் கைமாறியது என்ற குற்றச்சாட்டும் அன்றைக்கே எழுந்தது. கைடு இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது, எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, இன்னும் பழகவில்லை அவருக்கு.

சாப்பாடு: கைடு சொன்ன ஒரு சின்னக் கடையில் டமாலே சாப்பிட்டோம். சோள மாவில் காரமாக இறைச்சி வைத்து, சோளத் தோகையில் சுற்றி வேகவைத்தது. நம் இலைக் கொழுக்கட்டைக்குச் சித்தப்பா மகன். அப்பா அரை டஜன் சாப்பிட்டார். சைவம் தேடுகிறவர்கள் கையோடு புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்லது. நாங்கள் தங்கிய ஹோட்டலில் அறை வாடை, ஏசி சத்தம், சொல்லியும் மாற்றித் தரவில்லை, அதனால் தங்குமிடத்தைப் பதிவு செய்யும் முன் சமீபத்திய விமர்சனங்களைப் படித்துவிடுங்கள்.

கைடை முன்கூட்டியே ஃபோனில் பதிவு செய்யுங்கள், சனிக்கிழமை போய் நின்றால் கிடைக்காது. ஜூன், ஜூலை வேண்டாம், வெக்கை தாங்காது, நாங்கள் மார்ச் கடைசியில் போனோம், இதமாக இருந்தது. கைடுக்கு டிப்ஸ் தாராளமாகக் கொடுங்கள். தொழில், ஊர், எதில் ஆர்வம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அதற்கேற்ப அவர் கதையைத் திருப்புவார். எங்கள் மதிப்பெண்: கேரோவுக்கு 5, கைடுக்கு 5, பூங்காவுக்கு நாலரை, ஆப்புக்கு 2.

உண்மையான மிசிசிப்பியைப் பார்க்க வேண்டுமென்றால், ஐ-20 பாலத்தை ஒட்டி மாநில வரவேற்பு மையம் ஒன்று இருக்கிறது, அதன் பின்பக்கம் போங்கள், இரண்டு பாலமும் ஆறும் முழுசாகத் தெரியும். கிளம்பும்போது அங்கே நின்றோம். ஒரு இழுவைப் படகு பார்ஜ்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு பாலத்தின் தூண்களுக்கு நடுவே மெதுவாக நுழைந்தது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார், இருபத்துநாலு வரைக்கும் வந்து விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அதில் என்ன சரக்கு இருக்கும், யாரிடம் கேட்டால் தெரியும் என்று டல்லாஸ் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.